பீட்டர் ஐர்டேல்: ஆரிகன் மணலில் நிற்கும் கப்பலைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில், கிளாட்சாப் கடற்கரையில் ஒரு பழைய பாய்மரக் கப்பலின் கூடு 1906ஆம் ஆண்டிலிருந்து நிற்கிறது. போர்ட்லாண்டு, பீவர்ட்டன், ஹில்ஸ்பரோ பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் காரில் ஏற்றி அழைத்துச் செல்லும் இடங்களுள் இதுவும் ஒன்று. அப்படிப் பலமுறை உறவினரையும் நண்பர்களையும் அழைத்துச் சென்றபோது என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், அவற்றுக்காக நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் தூத்துக்குடியில் தோணி கட்டும் கொட்டில்களைப் பார்த்து வளர்ந்தவன். ஆகையால் கப்பலின் முன்முனையை அணியம் என்றும், அடிக்கட்டையை ஏரா என்றும், அதிலிருந்து விலா எலும்புகளைப்போல் இருபுறமும் எழும் சட்டங்களை வங்கு என்றும் அந்தத் துறையின் சொற்களிலேயே எழுதியிருக்கிறேன்.

இது என்ன கப்பல்? பீட்டர் ஐர்டேல் என்பவர் யார்?

இது நான்கு மரங்கள், அதாவது பாய்களைத் தாங்கும் உயர்ந்த கம்பங்கள், கொண்ட பாய்மரச் சரக்குக் கப்பல். 1890ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கம்பர்லாந்துக் கரையிலுள்ள மேரிபோர்ட் என்ற சிறு துறைமுகத்தில் கட்டப்பட்டது. நீளம் சுமார் 87 மீட்டர், கொள்ளளவு 2,000 டன்னுக்குச் சற்று மேல். பாய்மரக் கப்பல் என்றதும் பலரும் மரத்தால் ஆனது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதன் உடல் முழுவதும் எஃகுத் தகடு. முன்னிருக்கும் மூன்று மரங்களில் பருமல்கள் எனப்படும் குறுக்குக் கழிகளிலிருந்து சதுரப் பாய்கள் தொங்கும். கடைசி மரத்தில் மட்டும் கப்பலின் நெடுக்குவாட்டில் பாய் கட்டியிருக்கும். இந்த அமைப்புக்கு 'பார்க்' என்று பெயர்.

பீட்டர் ஐர்டேல் என்பவர் இக்கப்பலை வைத்திருந்த லிவர்பூல் நிறுவனத்தின் உரிமையாளர்களுள் ஒருவர். அவர் பெயரே கப்பலுக்கு இடப்பட்டது. நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்ட காலத்தில் பாய்மரக் கப்பலை ஏன் ஓட்டினார்கள் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே வரும். காற்றுக்குக் கூலி இல்லை என்பதே அதற்கு விடை. கோதுமை, நிலக்கரி, உரம் போன்ற சரக்குகள் ஒரு மாதம் பிந்திப் போய்ச் சேர்ந்தாலும் கெட்டுவிடுவதில்லை. அவற்றை மலிவாக ஏற்றிச் செல்ல இத்தகைய எஃகுப் பாய்மரங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நன்றாகவே உழைத்தன.

அது எங்கிருந்து எங்கே போய்க்கொண்டிருந்தது?

மெக்சிகோவின் பசிபிக் கரையிலுள்ள சலீனா குரூஸ் துறைமுகத்திலிருந்து 1906 செப்டம்பர் இறுதியில் புறப்பட்டு, கொலம்பியா ஆற்றின் வழியாகப் போர்ட்லாண்டுக்கு வந்துகொண்டிருந்தது. அங்கே கோதுமை ஏற்றிக்கொண்டு பிரிட்டனுக்குத் திரும்புவது திட்டம். வரும்போது சரக்கு எதுவும் இல்லை. கப்பல் கவிழாமல் நிற்பதற்காக 1,000 டன் அடிப்பாரம் மட்டுமே ஏற்றியிருந்தார்கள். அனுமதியின்றி ஒளிந்து ஏறிய இருவரையும் சேர்த்துக் கப்பலில் 27 பேர் இருந்தார்கள். தலைவர் கேப்டன் லாரன்ஸ்.

அன்று என்னதான் நடந்தது?

அக்டோபர் 25ஆம் நாள் அதிகாலை 3.20 மணியளவில் டில்லமூக் பாறைக் கலங்கரை விளக்கத்தின் ஒளி தெரிந்தது. கரையிலிருந்து விலகிக் கடலுக்குள் தனித்து நிற்கும் ஒரு பாறையின் உச்சியில் 1881 முதல் எரிந்துவந்த விளக்கு அது. முகத்துவாரத்துக்குத் தெற்கே இருக்கிறது. அந்த ஒளியைக் கண்டபோது கேப்டனுக்குத் தாம் இருக்கும் இடம் உறுதியாகிவிட்டது. கப்பலை முதலில் கிழக்கு-வடகிழக்காகவும், பிறகு வடகிழக்காகவும் திருப்பி, ஆற்று வாயை நோக்கிச் செலுத்தினார். அதுவரை எல்லாம் முறையாகவே நடந்தது.

அதன்பின் அடர்ந்த மூடுபனி இறங்கியது. கடல் ஏற்றமாக இருந்தது, அதாவது நீர்மட்டம் உயர்ந்துகொண்டிருந்தது. மேற்கிலிருந்து, நம் கடற்கரையில் கச்சான் என்று சொல்லும் திசையிலிருந்து, பலத்த காற்று வீசியது. நம் கிழக்குக் கரையில் கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். ஆரிகன் கரை மேற்குப் பார்த்த கரை என்பதால் அங்கே அதே மேற்குக் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுகிறது. கப்பல் காற்றுக்கும் கரைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. ஆபத்தை உணர்ந்த கேப்டன் கப்பலைத் திருப்பிக் கடலுக்குள் கொண்டுபோக முயன்றார். திரும்பிக்கொண்டிருக்கும் வேளையில் வடமேற்கிலிருந்து ஒரு கடும் சூறை மோதிக் கப்பலைக் கிளாட்சாப் மணலில் தள்ளியது. தரைதட்டிய அதிர்ச்சியில் மரங்களின் மேற்பகுதிகள் முறிந்து விழுந்தன. கீழே நின்றவர்கள் மேல் அவை விழாமல் போனது பெரும் பேறு.

கரை நெருங்குவது தெரிந்தும் ஏன் திருப்ப முடியவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மோட்டார் படகையோ காரையோ மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். சதுரப் பாய் கட்டிய கப்பலால் காற்று வரும் திசைக்கு நேராகவோ அதற்கு நெருக்கமாகவோ போக இயலாது; நன்றாக விலகிச் சாய்ந்துதான் போக முடியும். ஒரு பக்கக் காற்றிலிருந்து மறுபக்கக் காற்றுக்கு மாற வேண்டுமானால் இரண்டு வழிகள் உண்டு. கப்பலின் முகத்தைக் காற்றினூடே திருப்புவது ஒன்று. முதுகைக் காற்றுக்குக் காட்டியபடி பெரிய வளைவாகச் சுற்றி வருவது மற்றொன்று. முதல் வழிக்கு இடம் குறைவாகப் போதும், ஆனால் கொந்தளிக்கும் கடலில் பாதியிலேயே கப்பல் வேகமிழந்து நின்றுவிடக்கூடும். இரண்டாவது வழி உறுதியானது, ஆனால் சுற்றி முடிப்பதற்குள் கப்பல் காற்று தள்ளும் பக்கமாக நெடுந்தூரம் இறங்கிவிடும். லாரன்ஸ் இரண்டாவது வழியையே எடுத்தார். அவர் இறங்கிய பக்கத்தில் கரை இருந்தது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சரக்கில்லாத கப்பல் நீரில் ஆழமாக அமிழ்வதில்லை. பக்கச்சுவர் உயர்ந்து நின்று காற்றை வாங்கும். நீருக்குள் பிடிமானம் குறைவு. வெறுந்தோணி காற்றில் எப்படி ஒதுங்கும் என்பதைத் தூத்துக்குடியில் தோணியை நடத்தும் எந்தத் தண்டலிடம் கேட்டாலும் சொல்வார். கோதுமை ஏற்றித் திரும்பும் வழியில் இதே காற்றைச் சந்தித்திருந்தால் கப்பல் தப்பியிருக்கவும் கூடும் என்று நான் நினைக்கிறேன்.

உயிர்ச்சேதம் உண்டா?

இல்லை. ஒருவர்கூட இறக்கவில்லை. முகத்துவாரத்துக்கு உள்ளே ஹாமண்ட் என்ற ஊரிலிருந்து உயிர்காப்புப் படகு வந்து, அலைகளுக்கு நடுவே 27 பேரையும் கரைசேர்த்தது. பக்கத்திலேயே இருந்த ஸ்டீவன்ஸ் கோட்டை ராணுவ முகாமில் அவர்களுக்கு இடமும் உணவும் கிடைத்தன. பேய் பிசாசுக் கதைகள் ஏதேனும் உண்டா என்று பிள்ளைகள் ஆவலோடு கேட்பார்கள். இந்த மணலில் யாரும் சாகவில்லை என்று அவர்களுக்குச் சொல்வது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விடை.

கேப்டனைத் தண்டித்தார்களா?

இல்லை. கப்பல் பிரிட்டிஷ் கப்பல் என்பதால், அஸ்டோரியா நகரில் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்தின் பொறுப்பில் அந்த நவம்பர் 12, 13 ஆகிய நாள்களில் விசாரணை நடந்தது. கேப்டன் மீதும் அதிகாரிகள் மீதும் குற்றமில்லை என்றும், கப்பலைக் காக்க அவர்கள் தம்மால் இயன்றதைச் செய்தார்கள் என்றும் தீர்ப்பாயிற்று. மூடுபனியில் காத்திருந்திருக்கலாமே என்று கரையில் நின்றுகொண்டு சொல்வது எளிது. எந்திரமில்லாத கப்பல் காற்று அனுமதிக்கும் வரைதான் காத்திருக்க முடியும்.

கப்பலை விட்டுப் பிரியும்போது கேப்டன் லாரன்ஸ் தம் ஆட்களைக் கரையில் நிறுத்தி, கப்பலுக்கு மரியாதை செலுத்தி, கையிலிருந்த மதுப்புட்டியை உயர்த்தி, கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், உன் எலும்புகள் இந்த மணலிலேயே வெளுக்கட்டும் என்று வாழ்த்தினார் என்பது அப்பகுதியில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் செய்தி. முதலில் கேட்டபோது இது எனக்குச் சாபம்போல் ஒலித்தது. மாலுமியின் வாயில் இது பெரிய வாழ்த்து என்பது பிறகே புரிந்தது: உடைத்து உருக்கி வேறொன்றாக்கப்படாமல், கப்பலாகவே கிடந்து கரைந்துபோக வேண்டும் என்பதே அவர் வேண்டியது.

உடல் சேதமில்லாமல் இருந்தது என்றால், மீண்டும் கடலுக்குள் இழுத்திருக்கலாமே?

அதுதான் திட்டமாகவும் இருந்தது. கப்பலின் உடலில் பெரிய சேதம் இல்லை. இழுவைக் கப்பல் கொண்டு இழுத்து மிதக்கவிடலாம் என்றே கருதினார்கள். ஆனால் அதற்கு அமைதியான கடலும் நல்ல ஏற்றமும் ஒரே நாளில் வாய்க்க வேண்டும். அக்டோபர் முடிந்து குளிர்காலம் தொடங்கியபின் அந்தக் கரையில் அப்படி ஒரு நாள் எளிதில் அமையாது. வாரங்கள் கடந்தன. ஒவ்வொரு அலையும் கப்பலுக்கு அடியிலிருந்து மணலைப் பறித்து அதன் பக்கத்தில் குவித்தது. ஈர மணலில் காலை ஊன்றி நின்றால் அலை திரும்பும்போது குதிகால் உள்ளே இறங்குமே, அதே கதைதான் 2,000 டன் கப்பலுக்கும் நேர்ந்தது. அது இடப்பக்கமாகச் சாய்ந்து ஆழமாகப் புதைந்துவிட்டது. முயற்சி கைவிடப்பட்டது. பிறகு, கழற்றக்கூடியவை கழற்றப்பட்டன.

இந்த விபத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் இதே முகத்துவாரத்தில் நடந்த மற்றொரு சம்பவத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆற்று வாயைக் காட்டுவதற்காகக் கடலில் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டிருந்த 50ஆம் எண் விளக்குக் கப்பல், 1899 நவம்பரில் புயலில் நங்கூரச் சங்கிலி அறுந்து, ஆற்றின் வடகரையில் தரைதட்டியது. அதையும் கடல்வழியாக இழுக்க முயன்று தோற்றார்கள். இறுதியில், வீடுகளை அப்படியே பெயர்த்து இடம் மாற்றும் தொழில் செய்தவர்கள் அதைத் தூக்கி உருளைகளின் மேல் ஏற்றி, குதிரைகளின் துணையோடு காட்டின் வழியே நகர்த்தி, மறுபக்கம் ஆற்றுக்குள் இருக்கும் பேக்கர் விரிகுடாவில் 1901இல் மிதக்கவிட்டார்கள். தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கடினமாக இராது. அது சுமார் 37 மீட்டர் நீளமுள்ள சிறு கப்பல். அங்கே நிலம் குறுகலாக இருந்து மறுபக்கம் தண்ணீர் கிடைத்தது. பீட்டர் ஐர்டேலுக்கு நீளமும் எடையும் மிகுதி. அதன் பின்னால் இருந்தவையோ மணல்மேடுகளும் காடும் மட்டுமே.

இந்த முகத்துவாரம் ஏன் இவ்வளவு ஆபத்தானது?

மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி திறந்துவிட்டால் நமக்கு அது வெள்ள அபாயச் செய்தி. கொலம்பியா ஆறு கடலில் கொட்டும் நீரின் ஆண்டுச் சராசரியே வினாடிக்குச் சுமார் 2,65,000 கன அடி. இவ்வளவு நீரும் ஒரே வாய் வழியாக, எதிரே தடுக்கத் தீவோ வளைகுடாவோ இல்லாமல், நேரே பெருங்கடலுக்குள் பாய்கிறது. எதிர்ப்புறத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடையின்றி உருண்டுவந்த அலைகள் அதன்மேல் மோதுகின்றன. ஆறு கொண்டுவரும் மணல் அந்த மோதலில் படிந்து, நீருக்கடியில் இடம் மாறிக்கொண்டே இருக்கும் திட்டாகிறது. கடல் வற்றும் நேரத்தில் ஆற்றின் வேகமும் வற்றத்தின் இழுப்பும் சேர்ந்துகொள்ள, எதிரே வரும் அலைகள் குறுகிச் செங்குத்தாக எழுந்து உடையும். சில நிமிடங்களில் கடலின் முகம் மாறிவிடும் என்று அங்குள்ள மீனவர்கள் சொல்வது இதனால்தான்.

1792ஆம் ஆண்டு ராபர்ட் கிரே என்ற அமெரிக்கக் கேப்டன் இந்த வாயைக் கடந்து உள்ளே வந்து, தம் கப்பலின் பெயரையே ஆற்றுக்கு வைத்தார். அதுமுதல் இங்கேயும் சுற்றுப்புறத்திலும் அழிந்த கப்பல்கள் சுமார் 2,000 என்று கணக்கிடுகிறார்கள். பசிபிக்கின் இடுகாடு என்பது இக்கடற்பகுதிக்கு வழங்கும் பெயர். இன்றும் பெரிய கப்பல்களை இந்தத் திட்டின் மீது கடத்திக் கொண்டுவர இதற்கென்றே தேர்ந்த பைலட்டுகள், அதாவது கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமிகள், இருக்கிறார்கள். கொந்தளிக்கும் கடலில் படகிலிருந்தோ ஹெலிகாப்டரிலிருந்தோ அவர்கள் கப்பலுக்கு மாறுவதை ஒருமுறை காணொளியிலாவது பார்க்க வேண்டும்.

அத்தனை கப்பல்கள் அழிந்திருக்க, இது மட்டும் ஏன் அடையாளச் சின்னமானது?

என் கருத்தில் இதற்கு முதற்காரணம் அது விழுந்த இடம். மற்றவை பாறையில் மோதிச் சிதறின, அல்லது நீருக்கடியில் மறைந்தன. இது மக்கள் நடந்து போய்த் தொடக்கூடிய மணலில், ஏறத்தாழ முழு உருவத்தோடு வந்து நின்றது. விபத்து நடந்த மறுநாளே கூட்டம் வரத் தொடங்கியது. அஸ்டோரியாவிலிருந்து ரயில் நிறுவனம் சிறப்புப் பயணங்களே விட்டது. நீண்ட பாவாடையும் தொப்பியும் அணிந்த பெண்கள் சாய்ந்த கப்பலின் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. யாரும் இறக்காததால் வருபவர்களுக்குத் தயக்கமும் இருக்கவில்லை.

ஆரிகனின் சட்டமும் உதவியது. 1913இல் அம்மாநிலம் அலை நனைக்கும் கடற்கரையைப் பொதுச்சாலையாக அறிவித்தது. 1967ஆம் ஆண்டுச் சட்டம் உலர்ந்த மணற்பரப்பிலும் பொதுமக்களின் உரிமையை உறுதிசெய்தது. ஒருவர் வேலிபோட்டு இதைத் தமதாக்கிக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

இரண்டாம் உலகப்போரில் இதைச் சுற்றி முள்வேலி போட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1942 ஜூன் 21ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, ஐ-25 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் கரைக்கு வெளியே மேலெழுந்து, ஸ்டீவன்ஸ் கோட்டையை நோக்கி 17 குண்டுகள் சுட்டது. கோட்டையின் தளபதி திருப்பிச் சுட வேண்டாம் என்று கட்டளையிட்டார்; சுட்டால் பீரங்கிகள் இருக்கும் இடம் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். குண்டுகள் பெரும்பாலும் மணலிலும் சதுப்பிலும் விழுந்தன. பேஸ்பால் மைதானத்தின் தடுப்பு ஒன்று சேதமடைந்தது, உயிரிழப்பு இல்லை. ஜப்பானியர் கரையிறங்கக்கூடும் என்ற அச்சத்தில் அதன்பின் கடற்கரை நெடுக முள்கம்பி இழுத்தார்கள். அந்தக் கம்பி இந்தக் கப்பலின் வங்குகளுக்கு ஊடாகவும் ஓடியது. போர் முடியும் வரை அப்படியே இருந்தது. தரைதட்டியபோது 27 பேருக்கும் அடைக்கலம் கொடுத்த கோட்டையின் காவல் வேலிக்கு, 36 ஆண்டுகளுக்குப் பிறகு அதே கப்பல் தூணாக நின்றது.

இப்போது எவ்வளவு மிச்சம்? அருகில் போனால் என்ன தெரியும்?

அணியம் நிற்கிறது. அதன் பின்னால் வங்குகள் சில வரிசையாகவும், மரங்களின் அடித்துண்டுகள் இரண்டொன்றும் மணலிலிருந்து எழுகின்றன. மேல்தளமோ அறைகளோ எதுவும் இல்லை. படத்தில் பார்த்துவிட்டு முழுக்கப்பலை எதிர்பார்த்து வருபவர்கள் முதல் நிமிடத்தில் சற்று ஏமாறுவார்கள். அவர்களை அவசரப்படுத்தாமல் பக்கத்தில் அழைத்துச் செல்லுங்கள்.

அணியத்தின் தகடுகளில் ஒரே சீரான இடைவெளியில் வட்டத் துளைகள் இருக்கும். அவை ரிவெட் ஆணிகள் இருந்த இடங்கள். பற்றவைப்பு வழக்கத்துக்கு வராத காலத்தில் தகட்டோடு தகட்டைப் பிணைத்தவை அந்த ஆணிகளே. பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செருகி, ஒருபுறம் தாங்கிப் பிடித்து மறுபுறம் அடித்து இறுக்குவார்கள். சில துளைகளில் ஆணித்தலை இன்னும் இருக்கிறது, தேங்காய்ச் சில்லு அளவுக்குத் துரு ஊதிப்போய். துரு ஒரே நிறமாக இராது: மேலே உலர்ந்த இடத்தில் செங்கல் நிறம், அலை தொடும் இடத்தில் கறுப்பு, இடையில் மஞ்சள்பொடி தூவியதுபோல் ஒரு பட்டை. தொட்டால் அட்டை அட்டையாகப் பெயர்ந்து வரும். கீழ்ப்பகுதியில் சிப்பிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

என் அப்பாவை முதன்முறை அழைத்துச் சென்றபோது அவர் கடலைப் பார்க்கவே இல்லை. ஒரு வங்கின் அடியில் குனிந்து அது மணலுக்குள் எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்று பார்த்தார். "ஏரா இன்னும் கீழதான் கிடக்கு, எடுக்கல" என்றார். அடியில் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் வங்கு இத்தனை ஆண்டுகள் நேராக நிற்காது என்பது அவர் கணிப்பு.

போன முறை பார்த்தபோது நிறையத் தெரிந்தது, இந்த முறை குறைவாக இருக்கிறதே?

கோடையில் மென்மையான அலைகள் மணலைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். குளிர்காலப் புயல் அலைகள் அதை வாரிக்கொண்டு போகும். ஆகவே ஆகஸ்டில் மணலுக்குள் மறைந்திருந்த வங்குகள் ஜனவரியில் இடுப்பளவு வெளியே வரும். கப்பலைச் சுற்றி அலை அரித்த குழிகளும் மாறிக்கொண்டே இருக்கும். முழுமையாகப் பார்க்க விரும்பினால் குளிரைப் பொருட்படுத்தாமல் குளிர்காலத்தில், கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் செல்லுங்கள்.

ஏன் பாதுகாப்புப் பூச்சு பூசி, சுற்றிலும் கூரை போட்டுக் காப்பாற்றக் கூடாது?

எஃகு மிக வேகமாக அரிப்பது நனைந்தும் உலர்ந்தும் மாறிமாறி வரும் பகுதியில்தான். உப்பும் நீரும் காற்றும் அங்கே ஒன்றுசேர்கின்றன. மணலுக்குள் காற்றுப் புகாமல் புதைந்திருக்கும் பகுதி மெதுவாகவே கெடும். இந்தக் கப்பலின் வெளியே தெரியும் பகுதி முழுவதும் அந்த மோசமான பட்டைக்குள் நிற்கிறது. பூச்சு பூச வேண்டுமானால் துருவை முதலில் சுரண்டியெடுக்க வேண்டும். பல இடங்களில் துருவைத் தவிர உள்ளே எஃகு மிச்சமில்லை. தோண்டியெடுத்து அருங்காட்சியகத்தில் வைத்தால் அது பாதுகாக்கப்பட்ட இரும்பாக இருக்கும். கிளாட்சாப் மணலில் நிற்கும் கப்பலாக இராது. கேப்டனின் வாழ்த்து எப்படியோ அப்படியே நடந்துகொண்டிருக்கிறது. அதில் கைவைக்காமல் இருப்பதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அது விரைவில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வருபவர்களுக்கு உண்டு.

அதன்மேல் ஏறலாமா? நினைவுக்கு ஒரு துண்டு எடுத்து வரலாமா?

ஏறாதீர்கள். பிள்ளைகளையும் ஏற்றி நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். நூற்றாண்டைக் கடந்த துருப்பிடித்த தகடு எப்போது ஒடியும் என்று யாரும் சொல்ல முடியாது. கத்திபோன்ற விளிம்புகள் எல்லாப் பக்கமும் இருக்கின்றன. துண்டு எடுப்பதும் தவறு. இது மாநிலப் பூங்காவுக்குள் இருக்கும் வரலாற்றுச் சின்னம். ஓர் ஆண்டில் வரும் கூட்டத்தில் ஆளுக்கொரு சில்லு எடுத்தால் கடல் செய்ய வேண்டிய வேலையை நாமே செய்து முடித்துவிடுவோம்.

கடலைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியம். அமைதியாக இருக்கும்போதே, முன்னறிவிப்பின்றி ஒரு பெரிய அலை கரையில் நெடுந்தூரம் ஏறிவரும் இயல்பு இந்தக் கரைக்கு உண்டு. ஒதுங்கிக் கிடக்கும் பெருமரக் கட்டைகளை அந்த அலை உருட்டிவிடும்; அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் அடியில் சிக்கி இறந்திருக்கிறார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். நீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். மெரினாவில் கால் நனைப்பதுபோல் நினைத்து இறங்க வேண்டாம்.

எப்படிப் போவது? பக்கத்தில் வேறென்ன பார்க்கலாம்?

போர்ட்லாண்டிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஸ்டீவன்ஸ் கோட்டை மாநிலப் பூங்காவுக்குள் கப்பலின் பெயரிலேயே வழிகாட்டிப் பலகை இருக்கிறது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மணல்மேட்டைத் தாண்டினால் கப்பல். முதியவர்களுக்கு அந்த மணல் நடை சற்றுச் சிரமம் தரும். காற்று எப்போதும் இருக்கும், எனவே காதை மூடும் துணி எடுத்துச் செல்லுங்கள்.

பூங்காவுக்குள்ளேயே பழைய பீரங்கி மேடைகள் இருக்கின்றன. அஸ்டோரியாவில் கொலம்பியா ஆற்றுக் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. முகத்துவாரத்தைக் காத்த கடைசி விளக்குக் கப்பலை, 1979இல் ஓய்வுபெற்றதை, அதன் பக்கத்தில் ஆற்றில் நிறுத்தியிருக்கிறார்கள், உள்ளே ஏறிப் பார்க்கலாம். அங்கே போன பிறகு கடற்கரைக்கு வந்தால் கப்பல் நன்றாகப் புரியும். அஸ்டோரியாவின் மர ஆலைகளில் அந்நாளில் பஞ்சாபித் தொழிலாளர்கள் பலர் இருந்தார்கள். 1913இல் அவர்கள் கூடிய கூட்டத்தில்தான், இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய கதர் (Ghadar) கட்சி உருப்பெற்றது. ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

சிறுபிள்ளைகளுக்கு இது ஒரு கப்பல் என்பதை எப்படிப் புரியவைப்பது?

நான் செய்வது இதுதான். கடல் வற்றிய நேரத்தில் பிள்ளையை அணியத்தின் பக்கத்தில் நிறுத்தி, வங்குகள் போகும் வரிசையைப் பிடித்துக்கொண்டு நேராக நடக்கச் சொல்வேன். கப்பலின் நீளம் 87 மீட்டர். பெரியவர்களுக்கு 120 எட்டு, பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். முதல் சில எட்டுகளிலேயே வங்குகள் தீர்ந்துவிடும். பிறகு வெறும் மணல். "முடிஞ்சுதா?" என்று திரும்பித் திரும்பிக் கேட்பார்கள், இன்னும் இல்லை, எண்ணிக்கொண்டே போ என்பேன். எண்ணிக்கை முடிந்த இடத்தில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு கட்டையை நட்டு, அதன் பக்கத்தில் நின்று அணியத்தைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கைகாட்டிக்கொண்டு நிற்கும் தாத்தா விரல் அளவுக்குத்தான் தெரிவார்.